ஒரே இடத்தில் வரும் தப்பு

பொம்மைப் படகின் முன்கண்ணாடியை அவள் பின்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பொருத்தினாள். அழுத்தியதும் டிக்கென்று உட்கார்ந்தது. படகை எடுத்துக் கட்டிலில் படுத்திருந்த அண்ணனின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அண்ணா, முடிச்சிட்டேன். பாரு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள் மட்டும் ஏதோ நகர்ந்தது. அவள் படகை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சரியா இருக்கான்னு சொல்லேன்."

ஒரு கண் மட்டும் பாதி திறந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது. அந்தக் கண் படகின் பின்புறத்து என்ஜினில் தொடங்கி, விளிம்பு வழியாக ஊர்ந்து வந்து, கண்ணாடியில் நின்றது.

"ஏய். காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?"

"முன்னாலேருந்து."

"அப்புறம் அது எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது? கோவிச்சுக்கிச்சா?"

"ஐயோ, ஆமாம்ல," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டோமோ என்று உடனே சந்தேகம் வந்தது. ஆனால் அவன் விழித்துவிட்டான். இப்போதைக்கு அது போதும்.

காலையில் வந்த நர்ஸ் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போயிருந்தாள். "இன்னைக்கு ராத்திரிக்கு மேல தாங்காதுங்க. வரவேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க." பிறகு ஒரு சிறிய மருந்துக் குப்பியையும் ஊசியில்லாத ஊசிக்குழலையும் அவள் கையில் வைத்தாள். "வலி அதிகமானா இதை நாக்குக்கு அடியில விடுங்க. வலி நின்னு நல்லா தூங்கிடுவார். அந்தத் தூக்கத்துலேருந்து எழுந்திருப்பாரான்னு கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்."

வரவேண்டியது ஒருத்திதான். அண்ணனின் மகள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். தாயில்லாத பெண். பரீட்சை முடியும் வரை அவளிடம் எதையும் சொல்லக்கூடாது என்று அண்ணன் தங்கையிடம் சத்தியம் வாங்கியிருந்தான். காலையில் நர்ஸ் படியிறங்கிய உடனே போன் செய்து அந்தச் சத்தியத்தை அவள் மீறினாள். பாப்பா அழக்கூட இல்லை. "இப்பவே கிளம்பறேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். சாயங்காலம் வரை அண்ணனைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவள் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. பழைய கதைகளைப் பேசிப் பார்த்தாள். நடுவிலேயே அவன் கண் சொருகியது. வானொலி வைத்தாள். முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை. அப்போதுதான், கட்டிலருகே இருந்த முக்காலியைத் துடைக்கும்போது, படகின் கண்ணாடி கழன்று விழுந்தது. அவசரத்தில் அவள் அதை மாற்றி வைத்துவிட்டாள். முனகிக்கொண்டிருந்தவன் சட்டென்று, "திருப்பி வை," என்றான். வார்த்தை தெளிவாக வந்தது.

அவள் உடனே புரிந்துகொண்டாள். தண்ணீர்க் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வாழ்நாள் முழுவதும் ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்து, வந்துகொண்டே இருக்கும் குழாய்களில் தப்பு இருப்பதை மட்டும் எடுத்துத் தனியே போட்டவன். மிதியடி கோணலாகக் கிடந்தால் அவனால் அதைத் தாண்டிப் போகமுடியாது. பக்கத்து வீட்டு மிதியடியாக இருந்தாலும் சரி.

படகு அவனுக்கு நண்பர் ஒருவர் கொடுத்தது. முதல்தடவை மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பேக்கிங் பிரிவில் எல்லோரும் 'தொப்பி' என்று கூப்பிடும் அந்த நண்பர் ஒரு சிறிய அட்டைப்பெட்டியோடு வந்தார். "பொழுது போகும் வச்சுக்க. சின்னப் பசங்க விளையாடறதுதான். உனக்கு அது போதும்." உள்ளே வெள்ளையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு சிறிய ஓட்டுநர், ஒரு கண்ணாடி, ஒரு ஸ்டியரிங். தொப்பி டீ குடித்து முடிப்பதற்குள் அண்ணன் ஸ்பீட் போட்டைக் கட்டி முடித்துவிட்டான். அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது.

பெட்டியில் போட்டிருந்த படம் அவனுக்குப் பிடிக்கவில்லை. "இதை வரைஞ்சவன் தண்ணியையே பார்த்ததில்ல," என்றான். வீட்டுக்கு வந்ததும் முகப்பைத் தாழ்த்தினான். என்ஜினை உயர்த்தினான். பாப்பாவின் பழைய கட்டைகள் பரணில் ஒரு பையில் கிடந்தன. தங்கையை ஏறவைத்து எடுத்தான். குளியலறை வாளியில் மிதக்கவிட்டபோது இணைப்புகள் வழியாகத் தண்ணீர் ஏறிப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. மருந்துப் பெட்டியில் வந்த தெர்மாகோலை பிளேடால் சீவி அடியில் செருகினான். பசை போட்டு ஒட்டிவிடலாமே என்று அவள் கேட்டாள். "ஒட்டிட்டா அப்புறம் என்ன செய்யறது? பார்த்துக்கிட்டே உட்கார்றதா?" என்றான்.

அந்தப் படகில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. பாப்பா போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உனக்கு மட்டும் சீட்டு, நான் நீந்தி வரணுமா?" என்றாள். அன்றைக்கே அவன் படகை அகலமாக்கி இரண்டாவது இருக்கை வைத்தான். உட்காரவைக்க ஆள் இல்லாததால் ஒரு மஞ்சள் கட்டையை நட்டான். "இதான் நீ." "நான் இவ்ளோ குண்டா?" என்று அவள் போனில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

கைவிரல்கள் வீங்கி, கட்டையைப் பிடிக்க முடியாமல் போன பிறகு, தங்கைதான் அவன் சொல்லச்சொல்ல வைத்தாள். இப்போது சொல்லவும் முடியவில்லை. தப்பாக வைத்தால் மட்டும் சொன்னான்.

ஆகவே அவள் தப்பாக வைத்தாள். என்ஜினைத் தலைகீழாக மாட்டினாள். பக்கச்சுவரில் ஓடும் சிவப்புக் கோட்டை ஒரு பக்கம் கட்டையின் ஒரு குமிழ் அளவு தள்ளி வைத்தாள். மஞ்சள் கட்டையை ஓட்டுநரின் மடியில் உட்காரவைத்தாள். ஒவ்வொரு தடவையும் கண் திறந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத் திறந்தது.

"கோடு ஒடிஞ்சிருக்கு."

"எங்க?"

"கண்ணு பொடரியிலயா இருக்கு? வலது பக்கம்."

மதியம் தாண்டியதும், காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை வலுத்தது. தெருவின் டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்றுபோனது. அண்ணன் முழங்காலை மடக்க முயன்றான், முடியாமல் விட்டான். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டான். மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

"அந்த மருந்தைக் குடு."

"குடுக்கறேண்ணா. இன்னும் கொஞ்ச நேரம்."

"இப்பக் குடு."

"பாப்பா வந்துக்கிட்டிருக்கா."

அவன் கண் அவள்மேல் நின்றது. கோபப்படுவான் என்று நினைத்தாள். சொல்லிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். திரும்பும்போது வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மருந்துக் குப்பி அவள் மடியில்தான் இருந்தது. அதைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். தான் செய்வது சரியா என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்ட விஷயங்களை எல்லாம் அவள் கேட்பது அண்ணனிடம்தான்.

போன் அடித்தது. பாப்பா. பின்னால் பேருந்தின் உறுமலும் யாரோ நடத்துநரோடு சண்டை போடும் சத்தமும்.

"அத்தை, பாலத்துக்கிட்ட நிறுத்திட்டாங்க. மேல தண்ணி போகுதாம். சுத்திக்கிட்டுப் போகலாமான்னு பேசறாங்க. அப்பாகிட்டக் குடு."

அவள் போனை நீட்டினாள். அண்ணன் தலையை மெல்ல ஆட்டி மறுத்தான். உதட்டைக் காட்டினான். நாக்கு தடித்துவிட்டது, இந்தக் குரலைக் கேட்டால் பெண் பயந்துவிடுவாள் என்பது அவளுக்கு விளங்கியது.

"தூங்கறார்மா."

"அப்படியா? தூங்கட்டும் அத்தை. பாவம், எழுப்பாத. நான் வந்து எழுப்பிக்கிறேன்."

போனை வைத்தாள். பிறகு மறுபடியும் படகை எடுத்தாள். இந்தத் தடவை எதைத் தப்பாக வைப்பது என்றே தோன்றவில்லை. ஸ்டியரிங்கை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே முகப்பில் பொருத்தினாள்.

"அண்ணா. பாரு."

கண் திறக்கவில்லை.

"அண்ணா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் வலியில் கத்திவிட்டான். கத்தல் அடங்கியதும் படகைப் பார்த்தான். நேரம் எடுத்துப் பார்த்தான்.

"வேணும்னே பண்ற."

"இல்லண்ணா."

"ஏய், எங்கிட்டயேவா?" மூச்சுக்காக நிறுத்தினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தவேண்டியிருந்தது. "நெஜமான தப்பு ஒரே இடத்துல வரும். அச்சு தேஞ்சிருந்தா, எல்லாக் குழாயிலயும் அதே இடம். ஆளு தப்பு பண்ணினாலும், அதே இடம்தான். உன் தப்பு... ஒவ்வொரு தடவையும் ஊர் சுத்துது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலைலேருந்தா?"

"ஆமா."

"மருந்தும் அதுக்குத்தானா?"

அவள் மடியில் இருந்த குப்பியைப் பார்த்தாள்.

"நல்ல ஆளுடி நீ." குரலில் திட்டு இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "என்னை என்ன, காவல்காரன்னு நெனச்சியா? முழிச்சுக்கிட்டே கெடக்க?"

"அவ வர்ற வரைக்கும்ணா. பாலத்தைத் தாண்டிட்டா அவ்ளோதான். அவ வந்து பார்க்கலைன்னா அப்புறம் நான் எப்படி அவ முகத்துல முழிப்பேன்? அவகிட்ட நான்தானே நல்லாருக்கார் நல்லாருக்கார்னு சொன்னேன்?"

"நான் சொல்லச் சொன்னேன்."

"சொன்னது என் வாய்."

அவன் மூச்சை உள்ளே இழுப்பதும், அது நடுவழியில் ஏதோ ஒன்றில் உரசுவதும் கேட்டது.

"முடியல," என்றான். சாதாரணமாகச் சொன்னான். கடைக்குப் போகமுடியவில்லை என்பதுபோல. "தப்பைப் பார்த்தா கண்ணு தானா திறந்துக்குது. அதான் எனக்கு வலியை விட வலி. சரியா வை. ஒரு தடவை எல்லாத்தையும் சரியா வச்சுக் காட்டு. நான் தூங்கணும்."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்குப் போனாள். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள். பிறகு குப்பியைத் திறந்து, நர்ஸ் காட்டிய கோடு வரை மருந்தை இழுத்து, அவன் நாக்குக்கு அடியில் விட்டாள். ஓரத்தில் வழிந்ததை விரலால் துடைத்தாள்.

படகை முழுவதுமாகப் பிரித்தாள். துண்டுகளை நிறம் நிறமாக மெத்தையின் விளிம்பில் அடுக்கினாள். அடித்தட்டு, தெர்மாகோல், பக்கச்சுவர்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. மருந்தா, படகா, எது என்று தெரியவில்லை.

"எரிபொருள் மூடியை இடது பக்கம் வை."

வைத்தாள்.

"இடதுன்னேன்."

"இடதுதானே வச்சிருக்கேன்?"

"மாத்தி வை."

எடுத்தாள், ஒரு கணம் குழம்பினாள், மறுபடியும் அதே பக்கத்தில் வைத்தாள்.

"திரும்பவுமா? இப்பதானே சொன்னேன்..."

"சத்தியமா இல்லண்ணா! இது படகோட இடது. உட்கார்ந்திருக்கவனோட இடது கைப் பக்கம்." அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். அங்கே சட்டையின் இடது என்றால் போட்டுக்கொள்பவனின் இடது. மேஜையில் சட்டை எப்படிக் கிடந்தாலும் அதுதான் இடது. அவனுக்கோ, மேஜைமேல் இருக்கும் பொருளுக்குத் தன்னுடைய இடது, தன்னுடைய வலது. படகின் முகப்பு இப்போது அவனைப் பார்த்து இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் குழப்பம் அவர்களுக்குள் வந்ததே இல்லை. "பாக்கெட் எப்பவும் இந்தப் பக்கம்தான் வரும்," என்றாள்.

"படகுக்கு எதுக்குடி பாக்கெட்?"

"அதுக்கில்லண்ணா, கை பழகிடுச்சு..."

அவன் வயிறு குலுங்கியது. வலிக்கிறதோ என்று அவள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, பற்கள் மட்டும் தெரிந்தன.

"ரெண்டு தடவையும் ஒரே இடம். இது நெஜத் தப்பு." மூச்சு வாங்கினான். "இருக்கட்டும். எடுக்காத. அங்கயே இருக்கட்டும்."

மீதியை அவள் சரியாக வைத்தாள். கோடுகள் நேராக. கண்ணாடி முன்பக்கம் பார்த்து. ஓட்டுநர், பக்கத்தில் மஞ்சள் கட்டை. முடித்ததும் அவன் உள்ளங்கையை விரித்து அதில் படகை வைத்தாள். அவன் பார்க்கவில்லை. கட்டைவிரலை மட்டும் விளிம்பின்மேல் ஓட்டினான். என்ஜினிலிருந்து முகப்பு வரை ஒருமுறை. குழாய்களைத் தடவிப் பார்க்கும் அதே வேகம். விரல் எங்கும் நிற்கவில்லை.

"போகலாம்," என்றான். தொழிற்சாலையில், சோதனை முடிந்த பொருளைத் தள்ளிவிடும்போது அவர்கள் சொல்கிற வார்த்தை.

கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் படகை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது, பிறகு நடுவில் விட்டுவிட்டு வந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தும் விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை. போன் அதிர்ந்தது.

"அத்தை, பாலத்தைத் தாண்டிட்டோம்! நம்ம பக்கம் வந்துட்டேன். ஆட்டோ கிடைச்சிருச்சு. அப்பா எழுந்துட்டாரா?"

"வா," என்றாள். பாப்பா வேறு என்னவோ கேட்டாள். அவள் போனை மெத்தையில் குப்புறப் போட்டாள்.

"அண்ணா, வந்துட்டா. ஆட்டோல ஏறிட்டா. எழுந்திரு."

கன்னத்தைத் தட்டினாள். தலை தட்டிய பக்கம் சாய்ந்து, அப்படியே இருந்தது. அவள் கண்ணாடியைப் பிடுங்கித் திருப்பி வைத்தாள். முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பாரு, தப்பா வச்சிட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது பாரு."

இமைக்குள் எதுவும் நகரவில்லை. என்ஜினைக் கழற்றி முகப்பில் மாட்டினாள். "என்ஜின் முன்னால இருக்குண்ணா." பக்கச்சுவரைப் பெயர்த்தாள். "கோடு ஒடிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒடிஞ்சிருக்கு. இதைப் பார்த்துட்டு எப்படித் தூங்கற?" ஓட்டுநரைத் தலைகீழாகச் செருகினாள். கட்டைகள் போர்வையில் விழுந்தன. "எதுவுமே சரியில்லண்ணா, ஒண்ணுகூடச் சரியில்ல, திட்டேன், ஏதாவது சொல்லேன்!" ஸ்டியரிங்கை இழுத்தபோது அது அவள் விரலிலிருந்து துள்ளி, தரையில் இரண்டு தடவை குதித்து, கட்டிலுக்கு அடியில் போனது.

அவள் மண்டியிட்டுக் குனிந்து தேடினாள். சிறிய கறுப்புத் துண்டு, இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. தரையைக் கையால் துழாவினாள். ஒரு மாத்திரை அட்டை, தூசி, செருப்பு. மேலே மூச்சு இழுக்கும் சத்தம் ஒருமுறை நீளமாக வந்தது. அடுத்ததற்காக அவள் கையை அசைக்காமல் காத்திருந்தாள். மழை விட்டிருந்ததால் அறை மிகவும் அமைதியாக இருந்தது.

அடுத்தது வரவில்லை.

மெத்தையின் விளிம்பில் இருந்த அவன் கை சரிந்து, குனிந்திருந்த அவள் தலைமேல் விழுந்தது. உள்ளங்கை உச்சியில் படிந்து, விரல்கள் காதோரம் தொங்கின. இன்னும் சூடாக இருந்தது.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. இரும்புக் கதவு திறந்தது. படிக்கட்டில் ஈரச் செருப்பு வேகமாக ஏறி வந்தது, முதல் மாடி, திருப்பம், இரண்டாம் மாடி. வாசற்கதவு தாழிடவில்லை.

"அத்தை? எதுக்கு இருட்டுல... அப்பா?"

அவள் அசையவில்லை. அசைந்தால் கை கீழே விழுந்துவிடும்.